சலவைக் கூடை சுமந்த கரங்கள்

31 டாலர், 61 சென்ட்!

1899-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு ரிச்மண்ட் நகரிலே, செயின்ட் லூக் சங்கத்தின் கஜானாவைத் திறந்து பார்த்தபோது இருந்த பணம் இவ்வளவுதான். கடனோ சுமார் 400 டாலர். உறுப்பினர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். யார் அவர்கள்? துணி வெளுப்பவர்கள், அடுப்படியில் வேகுபவர்கள், புகையிலைத் தொழிற்சாலையில் காம்பு கிழித்துக் கிழித்து விரல் காய்த்துப் போனவர்கள். நேற்றுவரை அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் அவர்கள் பெற்ற மக்களும்! மூழ்கும் கப்பல் என்று பலர் முடிவு கட்டிவிட்ட அந்தச் சங்கத்தின் பொறுப்பை, 35 வயதுப் பெண் ஒருவர் ஏற்றுக்கொண்டார். முன்பிருந்தவர் பெற்ற ஊதியத்தில் மூன்றிலொரு பங்கு அளவே தமக்குப் போதும் என்று ஏற்றுக்கொண்டார். அவர்தான் மேகி லீனா வாக்கர் அம்மையார்.

மாளிகையிலே பிறந்தவரல்ல, மாளிகையின் சமையற்கட்டிலே வேலை பார்த்த தாயின் வயிற்றிலே 1864-இல் பிறந்தவர். தாய் எலிசபெத் டிரேப்பர், அடிமையாக இருந்தவர். தந்தை அயர்லாந்திலே பிறந்த வெள்ளையர். கருப்பும் வெள்ளையும் கைபிடிக்க வர்ஜினியாவின் சட்டம் இடம் தராத காலம் அது! பின்னர், அதே மாளிகையில் பணியாற்றிய வில்லியம் மிட்செல் என்பாரைத் தாய் மணந்தார். தனிக் குடித்தனம், ஒரு தம்பி, ஓரளவு நிம்மதி. அதுவும் நிலைக்கவில்லை. 1876-இல் மிட்செலின் உடல் ஜேம்ஸ் ஆற்றிலே மிதந்தது. தற்கொலை என்றது அதிகார உலகம். கொலை என்று குமுறினாள் கைம்பெண். கருப்பு மனிதன் செத்ததற்குக் காரணம் தேடி யார் அலையப் போகிறார்கள்?

தாய் வெளுத்தாள், மகள் சுமந்தாள். வெள்ளையர் வீட்டு அழுக்குத் துணியைக் கூடையிலே வாங்கி வருவதும், வெளுத்த துணியை வீடு வீடாகக் கொடுத்து வருவதும் அந்தச் சிறுமியின் வேலை. அந்தத் தெருக்களிலேதான் அவர் அரசியல் பாடம் படித்தார். ஊரார் அழுக்கை அகற்றுபவன் தாழ்ந்தவன், அழுக்காக்கியவன் உயர்ந்தவன் என்னும் விந்தையான நீதியைக் கண்ணாரக் கண்டார்!

ஏட்டுப் படிப்பையும் விடவில்லை. 1883-இல் பள்ளி இறுதி விழா வந்தது. வெள்ளை மாணவருக்கு நகர நாடக அரங்கம், கருப்பு மாணவருக்கு மாதாகோயில் என்றனர். வரி மட்டும் எல்லாரிடமும் வாங்குகிறீர்களே, மேடையில் மட்டும் ஏன் பேதம் என்று மேகியின் வகுப்பு மறுத்து நின்றது. விழா கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. சின்னஞ்சிறு கிளர்ச்சிதான், ஆனால் முதுகெலும்பு வளைய மறுத்த முதல் நாள் அது! பிறகு மூன்றாண்டுகள் ஆசிரியப் பணி. 1886-இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கரை மணந்தார். மணமான பெண் ஆசிரியையாக இருக்கக்கூடாது என்பது அங்கே அன்றைய விதி. பள்ளிக்கதவு மூடிற்று, சங்கத்தின் கதவு அகலத் திறந்தது.

செயின்ட் லூக் சங்கம், பால்டிமோரிலே மேரி பிரவுட் என்ற கருநிறப் பெண்மணி தொடங்கியது. நோயுற்றால் உதவி, செத்தால் அடக்கச் செலவு, இதற்காக ஆளுக்குச் சில காசு சந்தா. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் கருப்பரை ஒதுக்கிய, அல்லது கூடுதலாகக் கறந்த காலத்தில், ஏழைக்கு ஏழையே துணையாக எழுந்த ஏற்பாடு அது. மேகி அதில் சேர்ந்தபோது வயது 14.

தோழர்களே, இதைத் தருமம் என்று எண்ணிவிடக் கூடாது. தருமத்திலே கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. சங்கத்திலே எல்லாக் கைகளும் ஒரே மட்டம்! இன்று நான் தருவது நாளை என் உரிமை. பிச்சைக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வேற்றுமையை அம்மையார் நன்கு அறிந்திருந்தார்.

1901-இல், மாநாட்டிலே அவர் வைத்த திட்டம் மூன்று: நமக்கென ஓர் ஏடு, நமக்கெனக் கடை, நமக்கென வங்கி! உழைத்துச் சேர்த்த காசை வெள்ளையன் வங்கியிலே போட்டு, அந்தக் காசு வளர்த்த வெள்ளையன் கடையிலே அவமானப்பட்டுச் சாமான் வாங்குவது எதற்காக என்பதே அவர் கேள்வி.

1902-இல் செயின்ட் லூக் ஹெரால்டு ஏடு வந்தது. 1903 நவம்பர் 2-இல் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் சுமார் 280 பேர், 8,000 டாலருக்கு மேல் கட்டினர். அவர்களிலே ஒருவர் கொண்டுவந்தது 31 சென்ட்! அந்தக் கணக்கையும் மதிப்போடு எழுதிக்கொண்டது வங்கி. அமெரிக்காவிலே உரிமம் பெற்று வங்கி நிறுவி, அதன் தலைவராக அமர்ந்த முதல் கருப்பினப் பெண்மணி அவரே. குழந்தைகளுக்குச் சிறு உண்டியல்கள் தந்தார். காசு சேர்ந்து ஒரு டாலரானதும் கணக்குத் திறக்கலாம். கடன் கொடுத்தார்; வாடகை வீட்டிலே வதங்கிய நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சொந்த வீட்டிலே குடியேறின. சமையலும் சலவையுமே கதியென்றிருந்த பெண்கள், பேனா பிடித்துக் கணக்கெழுதினர்.

எல்லாம் வெற்றிதானா? இல்லை. 1905-இல் திறந்த கடை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. வெள்ளை வியாபாரிகள் ஒன்றுகூடி, இந்தக் கடைக்குச் சரக்குத் தராதே என்று மொத்த வியாபாரிகளை மிரட்டினர். அது ஒரு காரணம். நம் மக்களே நம் கடைக்கு வராமல் போனது மற்றொரு காரணம். அதையும் அம்மையார் மறைக்கவில்லை, கண்டித்தார்.

1904-இல் டிராம் வண்டிகளிலே கருப்பருக்குத் தனி இடம் என்றது கம்பெனி. ஏறமாட்டோம், நடப்போம் என்று கிளம்பிற்று மறியல். பிளானட் ஏட்டின் ஆசிரியர் ஜான் மிட்செல் முழங்கினார். அம்மையாரின் ஏடும் உடன் முழங்கிற்று. ஏற்கெனவே தள்ளாடிய கம்பெனி அந்த ஆண்டிலேயே நொடித்தது. ஆயினும் 1906-இல் அரசு அந்தப் பிரிவினையைச் சட்டமாகவே ஆக்கிற்று. வாக்குரிமையை 1902-இலேயே பறித்துவிட்டார்களே, சட்டசபையிலே தடுக்க யார் இருந்தார்கள்?

வீட்டுக்குள்ளேயும் இடி விழுந்தது. 1915-இல், மூத்த மகன் ரசல், கள்வன் என்று தவறாக எண்ணிச் சுட்டான், விழுந்தவர் தந்தை! கணவனைப் பறிகொடுத்தவள், கொலைக் குற்றவாளிக் கூண்டிலே மகனைக் கண்டாள். நீதிமன்றம் அவனை விடுவித்தது. அந்த வேளையிலே, சங்கத்துக்குள்ளேயே சிலர் அவரைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தனர். அவர் அழுதுகொண்டு வீட்டிலே இருக்கவில்லை. சபை முன் வந்து தம் பணியைக் கணக்குக் காட்டினார். சபை அவரை விடவில்லை.

1917-இல் கருப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் ரிச்மண்ட் கிளை எழத் துணை நின்றார். 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும், கருநிறப் பெண்களைப் பதிவு செய்யத் திரட்டினார். 1921-இல் மாநிலக் கல்வித் தலைமைப் பதவிக்கே போட்டியிட்டார். தோற்றார், ஆனால் துணி வெளுத்தவள் மகள் அந்தப் பதவியைக் கேட்டு நின்றாளே, அதுவே அந்த நாட்டுக்கு அதிர்ச்சி! 1924-இல் சங்கத்திலே 50,000 பேருக்கு மேல்; கிளைகள் 1,500.

1907-இல் படியிலே விழுந்து பழுதான முழங்கால், கடைசி ஆண்டுகளில் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திற்று. நாற்காலியோடு ஏறும்படி மோட்டாரை மாற்றியமைத்து, வேலைக்குப் போய்வந்தார். பொருளாதாரப் பெருவீழ்ச்சியிலே நாடெங்கும் வங்கிகள் சரிந்தன. அவரோ 1930, 31-இல் வேறிரு கருப்பின வங்கிகளைத் தம் வங்கியோடு இணைத்துக் காப்பாற்றினார். 1934 டிசம்பர் 15-இல் கண் மூடினார். அவர் நட்ட மரம், 2005 வரை கருப்பின மக்களின் கையிலேயே நின்றது. அவர் வாழ்ந்த வீடு 1978-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2017-இல் ரிச்மண்ட் வீதியிலே அவருக்குச் சிலை எழுந்தது.

சிலைக்காக அவரை நினைக்கச் சொல்லவில்லை, தோழர்களே. 31 சென்டோடு வங்கி வாசலிலே நின்ற அந்த முகம் தெரியாத உழைப்பாளியையும் சேர்த்து நினையுங்கள். அந்தச் சில்லறையை ஏளனம் செய்யாமல் வாங்கி எழுதிய கை, ஒரு காலத்தில் சலவைக் கூடை சுமந்த கை. கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒன்றையொன்று நம்பின. அந்த நம்பிக்கைதான் மூலதனம். மற்றதெல்லாம் அதற்கு வந்த வட்டி!