பெற்றோல் தட்டுப்பாட்டில் பிறந்த சின்னக் கார்

1922 செப்டெம்பரில் ஸ்மேர்னா நகரம் பற்றி எரிந்தது. கிரேக்க – துருக்கிப் போரின் கடைசி நாட்கள் அவை. துறைமுகக் கரையில் சனங்கள் கப்பலுக்காகக் காத்து நின்றார்கள். பிரித்தானியக் குடியுரிமை இருந்த கிரேக்கக் குடும்பம் ஒன்றைப் பிரித்தானியக் கடற்படை அந்த மாதம் மோல்ட்டாவுக்கு ஏற்றிச் சென்றது. வீடும் தந்தையின் பொறியியல் தொழிற்சாலையும் அங்கேயே போயின. தந்தை இங்கிலாந்து வந்து சேரமுன்னரே இறந்தார். 1923இல் தாயுடன் இங்கிலாந்து சேர்ந்த மகன்தான் அலெக் இசிகோனிஸ்.

பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதத்தில் மூன்று தடவை தோற்றார். ஆனால் வரையத் தெரிந்தவர். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் அவர் வடிவமைத்ததுதான். எங்கள் ஆட்களுக்கு இந்தக் காரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய கார்களில் அதுவும் ஒன்று.

1956இல் சுயெஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. அந்த டிசம்பரில் பிரித்தானியாவில் பெற்றோலுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். சனங்கள் ஜேர்மனியிலிருந்து வந்த முட்டை போன்ற குட்டிக் கார்களை வாங்கத் தொடங்கினர். அவற்றை வெறுத்த பி.எம்.சி. நிறுவனத் தலைவர் லெனாட் லோட், ஒழுங்கான சின்னக் கார் ஒன்றைச் செய்யுமாறு இசிகோனிஸைக் கேட்டார். ஒரே நிபந்தனை: எஞ்சின், நிறுவனத்திடம் ஏற்கெனவே இருப்பதாக இருக்கவேண்டும்.

அதாவது, எஞ்சினில் எரிபொருளை மிச்சம் பிடிக்க வழியில்லை. அவர் காரின் உடம்பிலேயே கைவைத்தார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை அதன் அடியில், எஞ்சின் ஒயில் தொட்டிக்குள்ளேயே இறக்கினார். முன்சில்லுகளே காரை இழுத்தன; பின்னால் போகும் நீண்ட இரும்புத் தண்டு தேவையில்லாமற் போனது. சில்லுகள் வெறும் 10 அங்குலம். இரும்புச் சுருளுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ற்றன் வடிவமைத்த றப்பர் கூம்புகள். 10 அடி நீளக் காரில் நாலு பேர் இருக்கலாம். நிறை ஏறத்தாழ 600 கிலோ. பாரம் குறைந்தால் எஞ்சின் இழுக்கும் சுமை குறையும், குடிக்கும் பெற்றோலும் குறையும். பரிசோதனைக் கார் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடியதால் எஞ்சினை 848 சிசிக்குக் குறைத்தார்கள். 1959 ஓகஸ்ற் 26இல் மினி வெளிவந்தபோது லீற்றருக்கு 14 கிலோமீற்றர் மட்டில் ஓடியது. இன்று அது பெரிய கணக்கல்ல. அன்று பெரிய விசயம்.

குறை இல்லாமலும் இல்லை. முதல் வந்த மினிகளில் மழைத்தண்ணி தரைக்குள் புகுந்தது. இருக்கைகளின் சொகுசிலும் அவருக்கு அக்கறையில்லை. சாரதி சற்று அசௌகரியமாக இருந்தால்தான் விழிப்பாக இருப்பார் என்று நம்பிய மனிதர். பிடிவாதக்காரர் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் குறுக்கு எஞ்சினையும் முன்சில்லு இழுவையையும் உலகம் எடுத்துக்கொண்டது. பிறகு வந்தவர்கள் கியர் பெட்டியை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இன்று எங்கள் வீதிகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு அதுவே.

1969இல் சேர் பட்டம் பெற்ற இசிகோனிஸ் மணம் முடிக்கவில்லை. ஸ்மேர்னாவிலிருந்து கூடவே வந்த தாய் 1972இல் இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார். 1988 ஒக்ரோபரில் பேர்மிங்காமில் அவர் காலமானபோதும் மினி தயாரிப்பில் இருந்தது.