இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 - ஆகஸ்டு 28, 1891) கிறித்தவ சமயப் பணியாளரும் மொழியியல் அறிஞரும் ஆவார். தமிழும் அதன் இனமொழிகளும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனியொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இலக்கணச் சான்றுகளால் விரிவாக நிறுவினார்.

வாழ்க்கை

அயர்லாந்தில் கிளேடி என்னும் ஊரில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1838இல் சென்னைக்கு வந்தார். 1841இல் நீலகிரி வழியாக நடந்தே திருநெல்வேலிப் பகுதியை அடைந்து, இடையன்குடியில் தங்கினார். 1844இல் எலைசா மால்ட்டை மணந்தார். 1877இல் ஆயரானார்.

திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி 1849இல் இவர் வெளியிட்ட நூல் அச்சமூகத்தினரின் கடும் எதிர்ப்புக்குள்ளானது. பின்னர் அந்நூலைத் திரும்பப் பெற்றார்.

ஒப்பிலக்கணம்

இவரது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. 1875இல் வந்த திருத்திய பதிப்பு பன்னிரண்டு மொழிகளை ஆராய்கிறது. ஒரு மொழி பிறமொழிச் சொற்களைப் பெருமளவில் கடன் பெறலாம். ஆனால் பதிலிப்பெயர்களை எளிதில் கடன் பெறுவதில்லை. எனவே மொழியுறவை அறிய இவை வலுவான சான்றுகளாகும்.

இவற்றுள் ஒன்று தற்சுட்டுப் பெயரான தான் என்பதாகும். கண்ணன் தன் வீட்டை விற்றான் என்றால் வீடு கண்ணனுடையதே. கண்ணன் அவன் வீட்டை விற்றான் என்றால் அது வேறொருவனுடையதாகவும் இருக்கலாம். இச்சொல் ஒருமை, பன்மை (தாம்) காட்டும். ஆண், பெண் வேறுபாடு காட்டாது. வேற்றுமை ஏற்கும்போது நெடில் குறுகித் தன் என்றாகும். தெலுங்கில் தானு, தன எனவும், கன்னடத்தில் தானு, தன்ன எனவும் இதே அமைப்பு காணப்படுகிறது. கால்டுவெல் இதனைத் தம் நூலின் பதிலிப்பெயர்ப் பகுதியில் ஆராய்ந்துள்ளார்.

மதிப்பீடு

தென்னிந்திய மொழிகளின் உறவை எல்லிஸ் என்பவர் 1816இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். எனினும் அதனை முழுமையான ஒப்பிலக்கணமாக வளர்த்தவர் கால்டுவெல்லே. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளுடன் இணைத்த இவரது கருத்தைப் பிற்கால அறிஞர்கள் பொதுவாக ஏற்கவில்லை. மொழிக்குடும்பம் பற்றிய முடிவு நிலைபெற்றது. திராவிடம் என்ற சொல் பின்னர் தமிழக அரசியலிலும் வேரூன்றியது.

இறுதிக் காலம்

1891 சனவரியில் பணி ஓய்வு பெற்று, பழனி மலைகளில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தங்கினார். ஏழு மாதங்களில் அங்கேயே காலமானார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, இவர் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1968இல் சென்னை மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.