வயலில் மறைந்திருந்த வேலையின்மை: ஆர்தர் லூயிஸ் கண்ட விளக்கம்

கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் 1915-ஆம் ஆண்டு பிறந்த ஆர்தர் லூயிஸ், பொறியாளராகவே விரும்பினார். கறுப்பினத்தவருக்கு அப்பணியை அரசோ வெள்ளையர் நிறுவனங்களோ தரமாட்டார்கள் என்பதால், லண்டன் சென்று வணிகவியல் பயின்று பொருளியல் அறிஞரானார்.

1952-இல் பாங்காக் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு விளக்கம் புலப்பட்டது. மூவர் செய்யக்கூடிய உழவை ஐவர் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில் எவரும் வேலையற்றவராகத் தெரிவதில்லை. ஆயினும் இருவர் வெளியேறினால் விளைச்சல் குறையாது. இத்தகையோர் மிகுந்திருக்கும்வரை, தொழிற்சாலைகள் கூலியை உயர்த்தாமலேயே ஆட்களைச் சேர்க்கலாம். இலாபம் மீண்டும் முதலீடாகித் தொழில் பெருகும். 1954-இல் வெளியான இக்கட்டுரை இந்தியாவையும் எடுத்துக்காட்டாகச் சுட்டியது.

மறுப்புக்கான சான்றும் இந்தியாவிலிருந்தே வந்தது. 1918-19 இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயில் மக்கள் மாண்டதும் சாகுபடிப் பரப்பு குறைந்தது. ஆகவே உபரி உழைப்பு என்பதே இல்லை என்றார் அமெரிக்கரான தியோடர் ஷுல்ட்ஸ். வீட்டுக்கு ஒருவர் வேலைக்குச் செல்வதும், நோயில் குடும்பங்களே அழிவதும் ஒன்றல்ல என அமர்த்தியா சென் வாதிட்டார்.

விந்தையாக, 1979-ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு லூயிஸ், ஷுல்ட்ஸ் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1991-இல் பார்படோஸில் காலமான லூயிஸின் உடல், செயின்ட் லூசியாவில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.