அறுபட்ட பெண் எழுந்திருக்கவில்லை! - லண்டனைக் கலக்கிய சர்க்கார்

லண்டன் மாநகரம். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி இரவு.

வீட்டுக்கு வீடு மக்கள் டெலிவிஷன் பெட்டியின் முன் உட்கார்ந்து இருந்தார்கள். பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சி நடந்து கொண்டு இருந்தது.

அன்று அதில் தோன்றியவர் இந்திய ஜாலக்காரர் பி.சி.சர்க்கார். தலையில் பகட்டான தலைப்பாகை. உடலில் மகாராஜா உடை.

ஓர் இளம் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, மேஜை மீது கிடத்தினார். மின்சார ரம்பம் சுழன்றது. அவளுடைய இடுப்பில் இறங்கியது. உடல் இரண்டு துண்டானது போலத் தெரிந்தது!

சர்க்கார் அவளுடைய கையைத் தேய்த்தார். அவள் அசையவில்லை. அவள் முகத்தைத் துணியால் மூடினார்.

அந்த நேரம் பார்த்து, நிகழ்ச்சியை நடத்திய ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நின்றார். நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட்டார்!

டெலிபோன் அலறியது

பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். பெண் செத்துவிட்டாள் என்றே பலர் நினைத்தார்கள். பி.பி.சி. நிலையத்தில் டெலிபோன் மணி ஓயாமல் அடித்தது. பெண் நலமாக இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி ஊழியர்கள் அலுத்துப் போனார்கள். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இதே செய்தி!

பெண்ணை அறுக்கும் வித்தை லண்டனுக்குப் புதிது அல்ல. 1921-ம் ஆண்டிலேயே செல்பிட் என்பவர் அங்கே அதைச் செய்து காட்டினார். ஆனால், மேடையில் அறுபட்ட பெண் சற்று நேரத்தில் சிரித்தபடி எழுந்து நிற்பாள். இங்கே அவள் எழுந்திருக்கவே இல்லை.

மேலும், 'பனோரமா' நாட்டு நடப்பைக் காட்டும் நிகழ்ச்சி. அதில் வருவதை மக்கள் உண்மை என்று நம்பினார்கள்.

கணிதம் படித்தவர்

சர்க்காரின் முழுப்பெயர் பிரதுல் சந்திர சர்க்கார். இன்றைய வங்காள தேசத்தில் உள்ள தங்கைல் பகுதியில், 1913-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி பிறந்தார். கணிதம் படித்தார். ஆனால் மனம் ஜாலத்தில் லயித்தது. கணபதி சக்கரவர்த்தி என்ற புகழ் பெற்ற ஜாலக்காரரிடம் வித்தை கற்றார்.

மந்திரவாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயல் வரும்படி, தம் பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றிக் கொண்டார். உலகிலேயே பெரிய ஜாலக்காரர் என்று தமக்குத் தாமே விளம்பரமும் செய்து கொண்டார்! மேல்நாட்டு ஜாலக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

அவருடைய காட்சியின் பெயர் 'இந்திரஜால்'. கவிழ்த்துக் காலி செய்த சொம்பில் மீண்டும் மீண்டும் தண்ணீர் வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதுவார்.

தற்செயலா, தந்திரமா?

லண்டனில் அன்று நேரம் போதாமல் போனது தற்செயலா? நிமிடக் கணக்குத் தவறாதவர் சர்க்கார். அதனால் தந்திரமே என்று அவரை அறிந்தவர்கள் கருதினார்கள்.

பலன் கைமேல் கிடைத்தது. டியூக் ஆப் யார்க் தியேட்டரில் அவருடைய காட்சிகளுக்கு டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

ஆனாலும் ஒரு குறை உண்டு. டிக்கெட் வாங்கி வருகிறவர், ஏமாறத் தயாராகவே வருகிறார். வீட்டில் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து இருப்பவர் அப்படி அல்ல. பயத்தைக் கொடுத்த ஜாலக்காரர், அதைத் தீர்த்தும் வைக்க வேண்டும். தியேட்டரில் தவறாமல் அதைச் செய்த சர்க்கார், அந்த ஓர் இரவு மட்டும் செய்யவில்லை.

மேடையே முடிவு

1964-ம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் 'பத்மஸ்ரீ' விருது வழங்கியது.

1971-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் காட்சி நடத்திய பிறகு மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.

தந்தை விட்டுச் சென்ற 'இந்திரஜால்' காட்சியை, மகன் பிரதீப் சந்திர சர்க்கார் ஏற்று நடத்தினார்.