கியர் கேட்டு வாங்கிய பெண்மணி – பெர்த்தா பென்ஸ்



வாழ்க்கை வரலாறு பகுதிக்கு இந்த முறை என்னை எழுதச் சொன்னாங்க தமிழம்மா. தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. அதனால் நான் கார் ஓட்டிய ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். கார் ஓட்டினது ஒரு பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். அவர் ஓட்டியபோது உலகத்தில் வேறு யாரும் பெட்ரோல் காரில் அவ்வளவு தூரம் போனதே இல்லை!

பிறப்பு

பெர்த்தா அம்மையார் 1849-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி ஜெர்மனி நாட்டில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா பெயர் கார்ல் ஃபிரெட்ரிக் ரிங்கர். தச்சு வேலையும் கட்டட வேலையும் செய்து நல்லா சம்பாதித்தவர்.

அந்த ஊரில் குழந்தை பிறந்தால் வீட்டு பைபிளில் எழுதி வைப்பார்கள். பெர்த்தா பிறந்தபோது, மறுபடியும் பெண்ணாகப் போச்சே என்கிற மாதிரி அப்பா வருத்தத்தோடு எழுதி வைத்தாராம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெர்த்தா அதைப் படித்துப் பார்த்து மனசு ரொம்பக் கஷ்டப்பட்டாராம். இதைப் படித்ததும் எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன்னா எங்க வீட்டில் நான் மூணாவது பொண்ணு. எங்க வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சொந்தக்காரங்க வாயால் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

பெர்த்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் என்றால் உயிர். ஆனால் மேலே படிக்க முடியவில்லை. அவர் வாழ்ந்த பாடன் பகுதியில் 1900-ஆம் ஆண்டில்தான் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில் அவருக்கு 51 வயசு ஆனது!

திருமணமும் பட்டறையும்

கார்ல் பென்ஸ் என்பவர் ரயில் எஞ்சின் டிரைவரின் மகன். இஞ்சினியர் படிப்பு படித்தவர். கையில் காசு இல்லை, தலையில் யோசனை மட்டும் நிறைய இருந்தது. 1871-ல் மான்ஹைம் நகரத்தில் ஒருவரோடு கூட்டு சேர்ந்து பட்டறை வைத்தார். அந்தக் கூட்டாளி சரியாக அமையவில்லை, பட்டறை மூடுகிற நிலைமைக்கு வந்துவிட்டது. அப்போது பெர்த்தாவுக்கும் கார்லுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பெர்த்தா தன் கல்யாணத்துக்குத் தரவேண்டிய சீர்ப் பணத்தை அப்பாவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, கூட்டாளியின் பங்கைத் தீர்த்துவிட்டார். பட்டறை பிழைத்தது. 1872-ஆம் ஆண்டு ஜூலை 20-ல் திருமணம் நடந்தது.

அதற்கப்புறமும் கஷ்டம்தான். 1879-ஆம் ஆண்டின் கடைசி நாள் ராத்திரி, புது வருஷம் பிறக்கப்போற நேரத்தில், அவர்கள் செய்த எஞ்சின் முதன்முதலாக நிற்காமல் ஓடியது. 1886 ஜனவரி 29-ல் மோட்டார் வண்டிக்காகக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதன் எண் 37435. மூன்று சக்கரம், ஒரு சிலிண்டர், ஒரு குதிரை சக்தி கூட இல்லாத எஞ்சின். காப்புரிமையில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

நூறு கிலோமீட்டர் பயணம்

கார் செய்தாகிவிட்டது, ஆனால் வாங்க ஆள் இல்லை. குதிரை இல்லாமல் சத்தம் போட்டுக்கொண்டு வரும் வண்டியைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். கார்ல் பென்ஸுக்கும் அதைத் தூர ஊருக்கு ஓட்டிப்போகத் தைரியம் வரவில்லை.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் விடியற்காலை. கணவர் தூங்கிக்கொண்டு இருக்கும்போதே பெர்த்தா அம்மையார் தன் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு காரை எடுத்துவிட்டார். ஆய்கனுக்கு 15 வயசு, ரிச்சர்டுக்கு 13. மான்ஹைமில் இருந்து அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். தார் ரோடு இல்லை, மாட்டு வண்டி குதிரை வண்டி போகிற பாதைதான்.

வழியில் என்ன என்ன நடந்தது பாருங்கள்:

எரிபொருள் தீர்ந்துபோனது. பெட்ரோல் பங்க் என்று ஒன்று அப்போது கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் கறை எடுப்பதற்காக விற்ற லிக்ராய்ன் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக் கடையை உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

எரிபொருள் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை எடுத்தார். மின்சார ஒயர் தேய்ந்து ஷார்ட் ஆனது. காலுறையைக் கட்டும் நாடாவைச் சுற்றிச் சரி செய்தார். செயினை புருக்சால் ஊர் கொல்லரிடம் கொடுத்துச் சரி பார்த்தார். எஞ்சின் சூடாகாமல் இருக்க, வழியில் கண்ட கிணறு, ஓடை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள்.

மேடும் பள்ளமும்

மேலே சொன்னதெல்லாம் சின்னக் கோளாறுதான். பெரிய பிரச்சினை ரெண்டு இருந்தது. ஒன்று மேடு, இன்னொன்று பள்ளம்.

மேடு வந்தால் கார் ஏறாது. இருந்த கியர் போதவில்லை. இறங்கித் தள்ளினார்கள். கியர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சைக்கிளில் ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது, எழுந்து நின்று மிதித்தாலும் நகராது இல்லையா? மிதிக்கிற பல்சக்கரம் சின்னதாக இருந்தால் வேகம் குறையும், ஆனால் லேசாக ஏறிவிடும். காரிலும் அப்படித்தான். முதல் கியரில் வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி.

பள்ளம் வந்தால் இன்னும் பயம். காரில் இருந்தது மரக்கட்டை பிரேக். இறக்கத்தில் அழுத்தி அழுத்திக் கட்டை தேய்ந்துபோனது. பௌஷ்லாட் என்ற ஊரில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய் அந்தக் கட்டை மேலே தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று இன்றைக்கு மெக்கானிக் கடையில் மாற்றுகிறோமே, அதன் தொடக்கம் இந்தத் தோல்தான்.

பொழுது சாய்ந்த நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாள் கழித்துத் திரும்ப ஓட்டிக்கொண்டே வந்தார். வந்ததும், மேடு ஏறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்றார். பிரேக்கையும் பலப்படுத்தச் சொன்னார். கார்ல் பென்ஸ் அதன்படியே செய்தார். பட்டறைக்குள் உட்கார்ந்து யோசித்தால் இது தெரிந்திருக்காது, ரோட்டில் ஓட்டினதால்தான் தெரிந்தது.

பிற்கால வாழ்க்கை

அந்தப் பயணம் பற்றிய பேச்சு பரவியது. கொஞ்சம் கொஞ்சமாக வியாபாரமும் வந்தது. 1899-ஆம் ஆண்டில் மட்டும் அவர்கள் கம்பெனி 572 வண்டி செய்தது. பிறகு குடும்பம் லாடன்பர்க் என்ற ஊருக்குப் போனது. 1929 ஏப்ரல் 4-ல் கணவர் இறந்தார்.

1939-ல் அமெரிக்காவில் ஹைட்ராமேட்டிக் என்ற கியர் பெட்டி வந்தது. ஓல்ட்ஸ்மொபைல் காரில் 1940 மாடலுக்காக வைத்தார்கள். கிளட்ச் கிடையாது, மேட்டுக்கு ஏற்ற கியரை வண்டியே போட்டுக்கொள்ளும். நிறைய எண்ணிக்கையில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர் அதுதான். மேட்டில் பிள்ளைகளை இறங்கித் தள்ளச் சொன்ன பெர்த்தா அம்மையாருக்கு அப்போது 90 வயசு.

1944 மே 3-ல், அவருடைய 95-ஆவது பிறந்த நாளில், கணவர் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் தந்தது. பெண் என்பதால் படிக்க முடியாமல் போனவருக்கு, கடைசியில் அந்தக் கௌரவமாவது கிடைத்தது. ரெண்டே நாளில், மே 5-ஆம் தேதி, லாடன்பர்க்கில் காலமானார். 2008-ல் அவர் போன பாதைக்கு பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று பெயர் வைத்தார்கள்.

அவர் கேட்ட கியர் இன்றைக்கு

எங்க மாமா வாடகைக் கார் டிரைவர். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவிலும் சவாரி போய் வருவார். இப்போ அவர் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார். எங்க பெரியப்பா அதைப் பார்த்து, இது பொம்பளைங்க ஓட்டுற வண்டி, ஒண்ணும் தெரியாதவங்களுக்குத்தான் என்று கேலி செய்தார். எனக்குக் கோபம் வந்தது. மேடு ஏற இன்னொரு கியர் வேணும்னு கேட்டதே ஒரு பொம்பளைதானே! மாமாவும், ஒண்ணும் தெரியாமல் ஓட்டினால் இந்த வண்டிதான் அதிக ஆபத்து என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன்.

1. பி என்றால் நிறுத்தி வைக்க, ஆர் பின்னால் போக, என் நியூட்ரல், டி முன்னால் போக. பி அல்லது என்-னில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் கியரை மாற்ற வேண்டும்.

2. கால் ரெண்டு இருந்தாலும் வலது கால் மட்டும்தான் வேலை செய்யணும். பிரேக்குக்கும் அதே கால், ஆக்சிலேட்டருக்கும் அதே கால். ரெண்டு காலையும் வைத்தால் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவோம்.

3. டி-யில் போட்டு பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலே பெரும்பாலான வண்டிகள் மெதுவாக நகரும். ஆக்சிலேட்டரே தேவையில்லை. அதனால் எஞ்சின் ஓடும்போது டி-யில் விட்டுவிட்டு ஒரு நொடி கூட இறங்கக் கூடாது.

4. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் ஆர் போடணும், பி போடணும். பி போட்டால் உள்ளே ஒரு சின்ன இரும்புக் கொக்கி பல்லில் மாட்டிக்கொள்கிறது. வண்டியின் முழுப் பாரத்தையும் அதன் மேல் சுமத்தக் கூடாது. முதலில் கால் பிரேக், அப்புறம் ஹேண்ட் பிரேக், கடைசியில் பி.

5. நம்ம நாட்டில் சில ஆட்டோமேட்டிக் கார்களில் பி-யே கிடையாது. அதில் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட வேண்டும்.

6. மலை இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டக் கூடாது. எஞ்சின் பிடித்து நிறுத்தாது. பிரேக் மட்டும் வேலை செய்து சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். எல் அல்லது கீழ் கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இப்போ வரும் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டாலே எரிபொருள் செலவு பெரும்பாலும் நின்றுவிடும், அதனால் நியூட்ரலில் மிச்சமும் கிடையாது.

ஐந்தாவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன வருஷம் எங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூரில் இருந்து ஒரு கார் வந்தது. கோயில் சரிவில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் சாமி கும்பிடப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கார் தானாக உருண்டு புளியமரத்தில் இடித்து நின்றது. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். அந்த மரத்தடியில்தான் ஒண்ணாவது ரெண்டாவது படிக்கும் பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டு இருந்தார்கள். அன்னதானத்துக்குக் கூப்பிட்டதால் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்கள். பின்னால் நின்ற ஒரு சைக்கிள் மட்டும் நசுங்கியது.

பெர்த்தா அம்மையார் காலத்தில் கட்டை பிரேக். இன்றைக்கு எல்லாமே தானியங்கி. ஆனால் மேடு மேடாகத்தான் இருக்கிறது, பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கிறது. வண்டி தானாகக் கியர் போடும். ஹேண்ட் பிரேக் போட்டோமா, சரிவில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்ப்பது ஓட்டுகிறவர் வேலை.

தம்பிகளே! ஆய்கன் 15 வயசில் போனானே, நாமும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் கார் ஓட்ட 18 வயசும் லைசென்சும் வேணும். நின்றிருக்கும் காருக்குள் ஏறிக் கியரை ஆட்டி விளையாடவும் கூடாது, சரிவில் நிற்கும் காருக்கு முன்னாலோ பின்னாலோ உட்காரவும் கூடாது. 18 வயசு ஆனதும் கற்றுத்தருவதாக மாமா எனக்குச் சொல்லியிருக்கிறார். முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளணும், அப்புறம்தான் ஓட்டணுமாம். இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. பெரியப்பாவை உட்காரவைத்து கொல்லிமலைக்கு நான் ஓட்டிக்கொண்டு போவேன்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி