விவியன் தாமஸ்

பெருங்காரியம் ஒன்று நிறைவேறும்பொழுது முன்னால் நிற்பவரை உலகம் அறியும். பின்னால் நின்று கைகொடுத்தவரை அறிவதில்லை. இஃது எத்தேசத்திலும் காணும் வழக்கமே. ஆனால் முன்னால் நின்றவர் வெள்ளையராகவும் பின்னால் நின்றவர் கறுப்பராகவும் இருந்து, நிறத்தை முன்னிட்டே பின்னவரின் பெயர் மறைந்துபோகுமாயின், அதை மறதி என்று நாம் சொல்லோம். அநீதி என்றே சொல்லுவோம். 1985-ம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி காலஞ்சென்ற விவியன் தாமஸ் என்னும் அமெரிக்கரின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். பிறவியிலேயே இருதயம் பழுதுபட்ட குழந்தைகளைப் பிழைப்பிக்கும் வழிக்கு அடிகோலியவருள் அவர் ஒருவர். எனினும் அவர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். கலாசாலைப் படிப்பை முடித்தவருமல்லர்.

தாமஸ் 1910-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி லூயிஸியானா மாகாணத்தில் பிறந்து, டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் வளர்ந்தார். தந்தையார் தச்சர்; மகனும் அத்தொழிலையே கற்றார். வைத்தியராக வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய அவா. அதன்பொருட்டுக் கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் சேர்த்துவந்தார். 1929-ல் அமெரிக்காவைக் கவ்விய பொருளாதார மந்தம் அவர் வேலையைப் பறித்தது. பின்னர் பாங்கி முறிந்து சேமிப்பும் போயிற்று. 1930-ம் வருஷ ஆரம்பத்தில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் டாக்டர் ஆல்பிரெட் பிளேலாக் என்னும் ரண வைத்தியரின் பரிசோதனைச் சாலையில் வேலைக்கு அமர்ந்தார்.

தச்சுளி பிடித்த கை விரைவிலேயே ரண சிகிச்சைக் கத்தியையும் பிடிக்கக் கற்றது. பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதும், குழாய்களை வெட்டித் தைப்பதும், முடிவுகளைக் கணக்கிட்டுக் குறிப்பதும் தாமஸின் பொறுப்பாயின. காயம்பட்டவர் அதிர்ச்சியால் மாள்வதற்கு உடலிலிருந்து ரத்தமும் நீரும் குறைவதே காரணம் என்று பிளேலாக் நிலைநாட்டிய ஆராய்ச்சியில் இவர் உழைப்பு பெரிது. அம்முடிவு இரண்டாம் உலக யுத்தத்தில் எண்ணற்ற சிப்பாய்களைக் காத்தது. ஆனால் சம்பளப் பட்டியலில் தாமஸுக்கு இருந்த உத்தியோகம் யாது? கட்டிடம் கூட்டித் துடைக்கும் ஏவலாள்! இதை அவர் கண்டுகொண்டு முறையிட்ட பிறகே சம்பளம் சற்று உயர்ந்தது. அவருடைய சகோதரர் ஹரால்டு என்னும் உபாத்தியாயரோ, கறுப்பு உபாத்தியாயர்க்குக் குறைந்த சம்பளம் தருவதை எதிர்த்து நாஷ்வில் கல்விச் சபையின் மீது வழக்காடி வெற்றி கண்டார்.

1941-ல் பிளேலாக் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்துக்குச் சென்றபொழுது தாமஸையும் உடன் அழைத்துக்கொண்டார். அங்கே கறுப்பர் ஏவல் வேலைதான் பார்ப்பர். வெள்ளை மேலங்கி அணிந்த ஒரு கறுப்பர் தாழ்வாரத்தில் நடந்துவருவதைக் கண்டு பலர் திகைத்து நின்றனராம்.

அந்த ஸ்தாபனத்தில் குழந்தைகளின் இருதய நோய்ப் பகுதியை நடத்திவந்தவர் டாக்டர் ஹெலன் டாஸிக் என்னும் பெண்மணி. செவிப்புலன் குன்றிய அவர், குழந்தையின் மார்பில் விரல் வைத்தே இருதயத்தின் அதிர்வை உணர்ந்தவர். குழந்தைகளின் இருதயத்தில் கேட்கும் முணுமுணுப்பு ஒலியெல்லாம் நோயன்று. நல்ல சுகமுள்ள குழந்தைகள் பலரிடமும் அது கேட்கும். ஆயினும் சில குழந்தைகளிடம் அவ்வொலி பெரும் பழுதின் அறிகுறியாகும். 1888-ல் பிரான்ஸ் தேசத்து ஃபாலோ என்னும் வைத்தியர் விளக்கி எழுதிய பிறவிக் கோளாறு அத்தகையது. அதில் சுவாசப்பைக்குச் செல்லும் வழி குறுகியிருக்கும். இருதயத்தின் கீழறைகளுக்கு இடையே துவாரம் இருக்கும். ஆகவே பிராணவாயு ஏறாத கருரத்தம் உடலெங்கும் கலந்து ஓட, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. நாலடி நடந்தால் மூச்சு முட்டிக் குந்திவிடும். அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்துமில்லை, சிகிச்சையுமில்லை.

கருவில் திறந்திருந்து பிறந்தபின் மூடிக்கொள்ளும் குழாய் ஒன்று உண்டு. நீலக் குழந்தைகளில் அது மூடாதிருக்கும்வரை சற்றே நன்றாயிருப்பதையும், மூடியதும் நிலை மோசமாவதையும் டாஸிக் கவனித்தார். அத்தகைய குழாயைச் செயற்கையாக அமைக்கலாகாதா என்று அவர் பிளேலாக்கிடம் வினவினார். கைக்குச் செல்லும் ரத்தக் குழாயைச் சுவாசப்பைக் குழாயுடன் இணைக்கும் வேலையை, வேறொரு நோக்கத்துடன் பிளேலாக்கும் தாமஸும் நாஷ்வில்லிலேயே நாய்களிடம் செய்து பார்த்திருந்தனர். இப்பொழுது நாய்களிடம் நீல நோய்க்கு ஒப்பான நிலையை முதலில் உண்டாக்கி, பிறகு அதைப் போக்கிக் காட்டவேண்டியிருந்தது. ஏறக்குறைய 2 வருஷம், சுமார் 200 நாய்களிடம், தாமஸ் இவ்வேலையைச் செய்தார். சிறு குழாய்க்கு ஏற்ற ஊசிகளையும் கருவிகளையும் அவரே திருத்தி அமைத்துக்கொண்டார்.

1944-ம் வருஷம் நவம்பர் மாதம் 29-ந் தேதி, 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு முதல் சிகிச்சை நடந்தது. கத்தி பிடித்தவர் பிளேலாக். ஆனால் அந்த இணைப்பைப் பன்முறை செய்து கைதேர்ந்தவர் தாமஸ் அன்றோ! ஆகவே பிளேலாக் அவரை அழைத்துத் தமக்குப் பின்னால் ஒரு படிமேடையின்மீது நிறுத்திக்கொண்டார். தையல் போடும் திசை சரியா, இடைவெளி போதுமா என்று எஜமானர் கேட்க, ஏவலாள் வழிகாட்டினார். அக்குழந்தை தேறிச் சில மாதம் வாழ்ந்து பின்னர் மாண்டது. எனினும் வழி திறந்துவிட்டது. மூன்றாவதாகச் சிகிச்சை பெற்ற 6 வயதுச் சிறுவனின் நீல உதடுகள் மேஜையின்மீதே சிவந்தன.

1945-ல் வெளியான கட்டுரையில் பிளேலாக், டாஸிக் என்னும் இரு பெயர்களே இருந்தன. சிகிச்சையும் அவ்விருவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நாடெங்குமிருந்து பெற்றோர் நீலக் குழந்தைகளை ஏந்திப் பால்டிமோருக்கு வந்தனர். தாமஸோ சம்பளம் போதாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளில் மதுபானம் பரிமாறிக் கூலி பெற்றார். பகலில் எவர்க்குக் கத்தி பிடிக்கக் கற்பித்தாரோ, அவர்களுக்கே இரவில் கோப்பை நீட்டினார். இதைக் கண்டு நாணவேண்டியவர் தாமஸ் அல்லர்.

பிளேலாக் 1964-ல் இறந்தார். தாமஸ் பரிசோதனைச் சாலையைத் தொடர்ந்து நடத்தி, பல தலைமுறை ரண வைத்தியர்களைப் பயிற்றினார். அவர்கள் நன்றி மறக்கவில்லை. அவர்கள் முயற்சியால் 1971-ல் தாமஸின் படம் ஸ்தாபனத்துக்கு அளிக்கப்பெற்று, பிளேலாக்கின் படத்துக்கு அருகே மாட்டப்பட்டது. 1976-ல் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதுவும் வைத்தியப் பட்டமன்று, சட்டப் பட்டம்! 46 வருஷ உழைப்புக்குப் பின் கிடைத்த அப்பட்டத்தில்கூட ஒரு குறை வைத்தார்கள்.

பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று இருதயப் பழுதுடன் பிறக்கிறது. இன்று பழுதை முற்றும் செப்பனிடும் சிகிச்சைகள் வந்துவிட்டன. ஆயினும் சிறு குழந்தையின் உயிரைத் தாங்கிநிற்க, செயற்கைக் குழலைக் கொண்டு செய்யும் அவ்விணைப்பு இன்னும் பயன்படுகிறது. வைத்தியர் பலர் அதைத் தாமஸின் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர். நியாயம் பிந்தி வந்தது, வந்தவரையில் மகிழ்வோம். ஆனால் காலத்தில் செய்யாத மரியாதை பாதி மரியாதையே. ஒரு மனிதனின் தகுதியை அளக்கவேண்டுமாயின், சம்பளப் பட்டியலைப் பாராமல் அவன் கை செய்த வேலையைப் பார்க்கவேண்டும். அவன் உயிரோடிருக்கும்பொழுதே பார்க்கவேண்டும். இதுவே விவியன் தாமஸின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.