தமிழுக்கு விசை தந்த தகையாளர் ஆர். முத்தையா

மொழிக்குத் தொண்டாற்றியோர் என்றவுடன் புலவர்களும் உரையாசிரியர்களும் பதிப்பாசிரியர்களுமே நம் நினைவில் முன்நிற்கின்றனர். ஏட்டுச் சுவடியில் மங்கிக் கிடந்த தமிழை அச்சுத் தாளுக்குக் கொணர்ந்த பெருமக்களை நாம் நன்றியுடன் போற்றுகின்றோம், அது தகும். அச்சுக்கூடத்திலிருந்து அந்தத் தமிழை அலுவலக மேசைக்குக் கொணர்ந்தவர் ஒருவர் உண்டு. அரசாணையும் வணிக மடலும் விண்ணப்பமும் தமிழில் பிறப்பதற்கு வழி வகுத்த அவரின் பெயர், அவர் தந்த விசைகளில் நாள்தோறும் விரல் பதித்தவர்களுக்குக்கூடத் தெரியாது போயிற்று. அவரே தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா ஆவார். அவரின் வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் பெயர்வும்

முத்தையா 1886-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் பிறந்தார். தந்தையார் பெயர் இராமலிங்கம். அந்நாளில் யாழ்ப்பாணம் இருவகைக் கல்வியும் செழித்த மண்ணாக விளங்கிற்று. ஒருபுறம் ஆறுமுக நாவலர் வழிவந்த தமிழ்க் கல்வி. மறுபுறம் கிறித்தவ மிஷன் பள்ளிகள் தந்த ஆங்கிலக் கல்வி. சுண்டிக்குழியிலேயே 1823-ஆம் ஆண்டில் தோன்றிய பரி. யோவான் கல்லூரி அமைந்திருந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கடல் கடந்து மலாயா சென்று எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் கணக்கராகவும் பணி புரிந்தனர். அங்கு ரயில் பாதைகளும் ரப்பர்த் தோட்டங்களும் பெருகி வந்த காலம் அது.

முத்தையாவும் 1907-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் அகவையில், அவ்வழியே மலாயா நாட்டுக்குப் புறப்பட்டார். பின்னர்ச் சிங்கப்பூர் சென்று ஒரு தனியார் நிறுவனத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1930 வரை அந்நிறுவனத்தில் பணியாற்றித் தலைமை எழுத்தர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். அவரின் அலுவலக வாழ்வைப் பொறுத்தவரை இவ்வளவே செய்தி. பட்டமோ பதவியோ செல்வக் குடும்பத்தின் துணையோ பெற்றவர் அல்லர். பொறியியல் பயின்றவரும் அல்லர். எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் எழுத்தர், தம் தாய்மொழிக்கும் ஓர் எழுதுபொறி வேண்டும் என எண்ணினார். அவ்வெண்ணமே அவரை நாம் நினைக்கும் பெருமைக்கு உரியவராக்கிற்று.

பொறியின் முன் நின்ற மொழிகள்

முத்தையாவின் அருமையை உணர வேண்டுமாயின் அவர் எதிர்கொண்ட சிக்கலை முதலில் உணர வேண்டும். அமெரிக்க நாட்டு ரெமிங்டன் நிறுவனம் 1874-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த தட்டச்சுப் பொறி, ஆங்கிலப் பேரெழுத்துகளை மட்டுமே அச்சிட்டது. 1878-ஆம் ஆண்டில் ஷிஃப்ட் என்னும் மாற்று விசை வந்தபின், ஒரே விசையில் இரண்டு வடிவங்கள் அமைந்தன. இருபத்தாறு எழுத்துகளை உடைய ஆங்கிலத்திற்கு அப்பொறி போதுமானதாயிற்று.

தமிழின் நிலையோ வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் நம் நெடுங்கணக்கில் உள்ளன. இவற்றோடு கிரந்த எழுத்துகளும் எண்களும் நிறுத்தற் குறிகளும் சேர வேண்டும். ஆங்கிலப் பொறியிலோ நாற்பத்தாறு விசைகள். மாற்று விசையையும் கூட்டினால் 92 வடிவங்கள். இருநூற்று நாற்பத்தேழைத் தொண்ணூற்றிரண்டுக்குள் அடக்குவது எங்ஙனம்?

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சயாம் மொழிக்கு 1892-ஆம் ஆண்டளவில் பொறி அமைத்த எட்வின் மக்ஃபார்லண்டு, இடம் போதாமையால் அம்மொழியின் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டார். அவ்விரண்டும் காலப்போக்கில் வழக்கொழிந்தன. ஓரெழுத்தே சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறும் அரபு மொழிக்கு, சலீம் ஹத்தாத் என்பார் அவ்வடிவங்களைச் சுருக்கிப் பொறி வகுத்து 1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். மொழியை வெட்டிப் பொறிக்குள் நுழைப்பதா, பொறியை வளைத்து மொழிக்குப் பணியச் செய்வதா என்பதே அக்காலத்தில் கீழைநாட்டு மொழிகள் அனைத்தின் முன்னும் நின்ற வினா எனலாம்.

நகரா விசையின் நுட்பம்

முத்தையா இரண்டாம் வழியைத் தேர்ந்தார். தமிழ் எழுத்துகள் 247 எனினும், அவை அனைத்தும் தனித்தனி உருவங்கள் அல்ல என்பதை அவர் கருத்திற் கொண்டார். ககரத்தின் முன் ஒற்றைக் கொம்பும் பின் காலும் இட்டால் ‘கொ’ ஆகின்றது. அக்கொம்பும் காலும் எல்லா மெய்களுக்கும் பொது. ஆகவே உறுப்புகளை மட்டும் விசைகளில் வைத்துவிட்டால் பெரும்பாலான எழுத்துகளைக் கோத்துக் கொள்ளலாம்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சிற்று. கொம்பும் காலும் எழுத்தின் பக்கத்தில் நிற்பவை. மெய்யின் புள்ளியும் இகர ஈகார மேல்விலங்குகளும் எழுத்தின் தலைமேல் அமர்பவை. தட்டச்சுப் பொறியிலோ, ஒரு விசையை அழுத்தியவுடன் தாளைத் தாங்கிய வண்டி ஓர் எழுத்தளவு நகர்ந்துவிடும். முன்னர் அடித்த எழுத்தின் மேல் மற்றொன்றை அமர்த்த இயலாது.

இதற்கு விடையாக அமைந்ததே நகரா விசை. இவ்விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும், பற்சக்கரம் விடுபடாது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து மெய்யெழுத்தின் விசையை அழுத்த, அது குறியின் கீழே பொருந்தி அமையும், வண்டியும் நகரும். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் உயிரெழுத்தின் மேல் இடும் சிறு கோடுகளுக்குப் பயன்பட்ட முறையே இது. தமிழின் மெய்யையும் இகர உயிர்மெய்யையும் எழுதும் முறையாக அதனை ஆக்கிக் கொண்டதில்தான் முத்தையாவின் மதிநுட்பம் விளங்குகின்றது. இம்முறைக்குள் அடங்காத ‘டி’ போன்ற வடிவங்களுக்கும், மெய்க்கு மெய் வேறுபடும் ‘கு’, ‘சு’, ‘மு’ முதலிய உகர வடிவங்களுக்கும் தனி இடங்கள் அமைந்தன. எந்த எழுத்தும் தமிழ் நெடுங்கணக்கினின்று நீக்கப்படவில்லை.

எழுத்துகளை எவ்வெவ்விரலுக்கு அளிப்பது என்பது அடுத்த வினா. அவரது அமைப்பை அடியொற்றி நிலைபெற்ற விசைப்பலகையின் நடுவரிசையில், இடக்கைப் பக்கம் ய, ள, ன, க, ப என்பனவும், வலக்கைப் பக்கம் கால், த, ம, ட, புள்ளி என்பனவும் நிற்கின்றன. தமிழில் மிகுதியாக வழங்கும் ககரமும் தகரமும் இரு கைகளின் சுட்டுவிரல்களுக்கு வாய்த்துள்ளன. தட்டச்சுப் பயிலகத்தில் முதல் நாள் பாடமாக யளனக என்று அடிக்கத் தொடங்கிய ஒவ்வொருவரும் முத்தையாவின் மாணாக்கரே என்பது மிகையன்று.

திரெஸ்டனில் பிறந்த தமிழ்ப் பொறி

முத்தையா வகுத்த விசைப்பலகைக்கு உருக்கொடுத்தது செருமனி நாட்டுத் திரெஸ்டன் நகரின் சைடல் அண்டு நௌமான் நிறுவனம். 1868-ஆம் ஆண்டில் தையல் பொறிகளுடன் தொடங்கிய அந்நிறுவனம், 1900-ஆம் ஆண்டில் ஐடியல் என்னும் மேசைத் தட்டச்சுப் பொறியையும், 1910-ஆம் ஆண்டில் எரிகா என்னும் கையடக்கப் பொறியையும் வெளியிட்டது. எரிகா சில வெளிநாடுகளில் பிஜோ என்னும் பெயரில் விற்பனையாயிற்று. ஐடியல், பிஜோ என்னும் இப்பெயர்களைத் தாங்கியே தமிழ்ப் பொறிகளும் வந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் சிங்கப்பூரில் சிந்தித்ததைச் செருமானியத் தொழிலாளர் எஃகில் வார்க்க, தமிழ் கூறும் நல்லுலகம் பயன் கொண்டது. தமிழ் ஒரு நாட்டெல்லைக்குள் அடங்குவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆட்சிமொழிக்கு அடித்தளம்

சென்னை மாநிலத்தில் 1956-ஆம் ஆண்டு தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் எழுதிவிட்டால் மட்டும் மொழி ஆட்சிமொழி ஆகிவிடாது. ஊராட்சி அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆணைகள் விரைந்து எழுதப்பட வேண்டும். படிகள் எடுக்கப்பட வேண்டும். அவை எவரும் படிக்கத்தக்க தெளிவுடன் அமைய வேண்டும். அப்பணியைத் தமிழ்த் தட்டச்சுப் பொறிகளே ஏற்றன. 1955-ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட் எனப் பிற பெயர்களிலும் தமிழ்ப் பொறிகள் அலுவலகங்களை நிறைத்தன. பெயர் எதுவாயினும் அவற்றுள் இயங்கிய தத்துவம் நகரா விசையே.

ஊர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் எழுந்தன. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களின் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு, தமிழிலும் ஆங்கிலத்திலும் லோயர், ஹையர் தேறிய சான்றிதழே அரசுப் பணிக்கும் ஆலை அலுவலகப் பணிக்கும் வாயிலாயிற்று. பெண்கள் பெருந்தொகையினராக அலுவலகம் புகுந்ததற்கும் தட்டச்சே துணை நின்றது. கல்லூரிப் படிப்புக்கு வசதியற்ற ஓர் இளைஞனுக்குப் பத்து விரல்களையே முதலாக்கித் தந்த கலை அது. ஓர் எழுத்தர் கண்ட கனவு பல்லாயிரம் எழுத்தர்களுக்குச் சோறிட்டது.

இன்று நம் முன் உள்ள கடமை

காலம் மாறிற்று. 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு தமிழ்99 என்னும் கணினி விசைப்பலகையை அறிவித்தது. 2009-ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சுப் பொறி உற்பத்தியை நிறுத்திற்று. கணினியில் மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்துச் சேமிக்கும் முறை வந்துவிட்டது. பொறியில் இருந்தாற்போல் கொம்பை முதலில் இட வேண்டுவதில்லை. எனினும் பழைய முறையில் பழகிய விரல்களுக்காகத் தட்டச்சுப் பொறியின் அமைப்பும் கணினிக்குள் இடம்பெற்றது.

பொறிகளின் கதி என்ன? பல, பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டன. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் உண்டு. கழிவு இரும்போடு கலந்துவிட்ட தமிழ்ப் பொறியும் அத்தகைய உலைக்கே செல்லும். தமிழ் எழுத்து தாங்கிய எஃகு கட்டடக் கம்பியாவதில் பொருளாதாரக் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு மொழியின் வரலாற்றுச் சான்று அழிகின்றதே என்னும் கவலை நமக்கு உண்டு.

பழைய பொறிகளைத் தேடிச் சேர்த்துச் சீர்செய்து அவற்றிலேயே எழுதி மகிழ்வோர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அது அரிய வித்தையன்று. எழுத்துகளில் படிந்த மையைத் தூரிகையால் துடைத்தல், அச்சுத் தண்டுகளிடைச் சேர்ந்த தூசியை நீக்கி அவ்விடத்தில் எண்ணெய் இடாதிருத்தல், இறுகிப்போன ரப்பர் உருளையைப் புதுப்பித்தல், வண்டியை இழுக்கும் நாடாவை மாற்றுதல் ஆகியவையே பெரும்பாலும் வேண்டப்படும். தமிழ்ப் பொறிக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. புள்ளி விசையை அழுத்தும்போது வண்டி நகரவில்லையே என்று, அறியாதார் அதனைப் பழுது எனக் கருதித் திருத்தப் புகுவர். அது பழுதன்று, முத்தையாவின் நுட்பமே அது. மேலும், விசைகளில் ‘லை’, ‘னை’, ‘றா’ முதலியவற்றின் பழைய வடிவங்கள் காணப்படுமாயின், அப்பொறியின் எழுத்தமைப்பு 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்டது எனத் தெளியலாம். இவ்வாறு ஒரு பொறியே எழுத்து வரலாற்றின் ஆவணமாகின்றது.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உள்ளது. கடல் கடந்து வந்தோர் நமக்குப் பாரமாயினர் என எண்ணுவார் எவரேனும் இருப்பின், அவர்தம் மண்ணில் பிறந்த ஒருவர் நம் அலுவலகத் தமிழுக்கு அளித்த கொடையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே தமிழ்த்துறைகள்தோறும் சுவடிக்கு ஒரு பேழை வைத்தாற்போல் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கும் ஒரு மேசை ஒதுக்குதல் நலம். அதனைக் கண்ணாடிக்குள் பூட்டி வையாமல் மாணவர் விரல் படுமாறு வைத்தல் வேண்டும். புள்ளியை முதலில் இட்டு, வண்டி நகராது நிற்பதைக் கண்டு, பின்னர் மெய்யை அடித்துப் பார்க்கும் மாணவர், மெய்யெழுத்தின் அமைப்பை நூலில் கற்பதினும் தெளிவாகக் கற்பர். எழுத்துகளைக் குறைக்காமல் பொறியை இணங்க வைத்த முத்தையாவுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவேயாகும்.